மிளகுக்கு வாங்கிய பீரங்கி

பழைய போர்க்களங்களிலிருந்து மீட்கப்பட்ட தளவாடங்களைச் சேகரிப்பது வசதி படைத்தோரிடையே இன்று ஒரு கௌரவமான பொழுதுபோக்காக வளர்ந்துவருகிறது. துருவேறிய பீரங்கிக் குண்டு, உடைவாள், தலைக்கவசம், தோட்டா உறை என எதுவாயினும் அதற்கு விலை உண்டு. விலை உள்ள இடத்தில் வணிகர் உண்டு. வணிகர் உள்ள இடத்தில் வீர வரலாறு பேசுவோருக்கும் பஞ்சமில்லை. தனியார் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியோடு இது நின்றுவிட்டால் இந்த இதழின் பக்கங்களை இதற்காகச் செலவிட வேண்டியதில்லை. அதே மனப்பான்மை அரசின் கொள்கையாகவும் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் கோரிக்கையாகவும் உருவெடுத்திருப்பதால்தான் பேச வேண்டியிருக்கிறது.

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது ஸ்ரீவராகம். மன்னராட்சி ஒழிந்து முக்கால் நூற்றாண்டு ஆகியும் கோட்டையைச் சுற்றிய இந்தத் தெருக்களில் அரண்மனைப் பெருமைக்குக் குறைவில்லை. இங்குள்ள நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற அலுவலர், நல்ல வாசகர், குளச்சல் போரைப் பற்றிப் பேசும்போது அண்மையில் கேட்டார்: "எதற்கெடுத்தாலும் அரசியல் பேசுகிறீர்களே, இரும்புக்குக்கூட வர்க்கம் உண்டா?" கேலியாகக் கேட்டதுதான். ஆயினும் கேள்வி நல்ல கேள்வி.

குளச்சலையே எடுத்துக்கொள்வோம். 1741 ஆகஸ்டில் மார்த்தாண்டவர்மரின் படையிடம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை குளச்சலில் சரணடைந்தது. ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஆசிய அரசொன்று போர்க்களத்தில் தோற்கடித்த அரிய நிகழ்வு என்பதில் ஐயமில்லை. டச்சுத் தளபதி டிலனாய் சிறைப்பட்டார். ஏறத்தாழ 400 துப்பாக்கிகளும் சில பீரங்கிகளும் கைப்பற்றப்பட்டன என்று திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன. போர்க்களத்துத் தளவாடங்களைச் சேகரித்த முதல் ஆள் இந்த வட்டாரத்தில் மார்த்தாண்டவர்மர்தான் என்று நண்பர் சிரித்துக்கொண்டே சொன்னார். உண்மைதான். ஆனால் அந்தத் துப்பாக்கிகளை அவர் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. கைதான டிலனாயைக் கொண்டே தமது படைக்குப் பயிற்சி அளித்தார். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலை எழுந்தது. அந்தப் படை வடக்கே காயங்குளம், அம்பலப்புழை, செங்கணாச்சேரி என்று நாடுகளை விழுங்கியது.

டச்சுக்காரர்கள் எதற்காகக் குளச்சலுக்கு வந்தார்கள்? மிளகுக்காக. மார்த்தாண்டவர்மர் எதற்காக வடக்கு நாடுகளைப் பிடித்தார்? அந்த மிளகு விளையும் நிலத்துக்காகவும், அது கப்பலேறும் துறைகளுக்காகவும். போர் முடிந்ததும் மிளகு வணிகம் அரசின் ஏகபோகம் ஆனது. கொடியை நட்டுக் காய் பறித்த குடியானவன் தன் விளைச்சலை விருப்பப்பட்ட வணிகனுக்கு விற்க முடியாது; அரசுப் பண்டகசாலையில், அரசு குறித்த விலைக்கு ஒப்படைக்க வேண்டும். அங்கிருந்து பன்மடங்கு விலையில் அது ஐரோப்பியக் கம்பெனிகளுக்குப் போகும். இந்த வருவாயில்தான் படைக்குச் சம்பளம் போயிற்று, கோட்டைகள் எழுந்தன.

வீர வரலாற்றுக்காரர்கள் சொல்லாமல் தாண்டிச் செல்லும் பக்கம் ஒன்று உண்டு. குளச்சலுக்குப் பன்னிரண்டே ஆண்டுகள் கழித்து, 1753இல், மாவேலிக்கரையில் திருவிதாங்கூருக்கும் அதே டச்சுக் கம்பெனிக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. திருவிதாங்கூர் மிளகு தர வேண்டும். டச்சுக்காரர்கள் ஆண்டுதோறும் 12,000 ரூபாய் பெறுமானமுள்ள ஆயுதங்களும் வெடிமருந்தும் தர வேண்டும். மலையாள நாட்டின் பிற அரசர்களுக்கு அவர்கள் துணைநிற்கக் கூடாது. நேற்றைய பகைவன் இன்றைய ஆயுத வியாபாரி! இந்த வட்டாரத்துக் கோட்டையொன்றில் பழைய டச்சுப் பீரங்கி கண்ணில் பட்டால் அது போர்க்களத்தில் கைப்பற்றிய வெற்றிச் சின்னமா, மிளகுக்கு ஈடாக வாங்கிய சரக்கா என்று கேட்டுப் பாருங்கள். இரும்புக்கு வர்க்கம் உண்டா என்ற கேள்விக்கு அந்த உடன்படிக்கையே விடை.

குளச்சல் கடற்கரை மீனவரிடையே வழங்கும் வாய்மொழிக் கதை ஒன்றையும் இங்கே நினைவுகூர வேண்டும். படை போதாமல் இருந்தபோது மீனவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்துத் துப்பாக்கி ஏந்திய வீரர்களைப் போல வரிசையாக நின்று டச்சுக்காரர்களை ஏமாற்றினார்கள் என்பது அந்தக் கதை. அப்படியே நடந்ததா என்பதை வரலாற்றாசிரியர்கள் ஆராயட்டும். துடுப்பை யாரும் சேகரித்து வைக்கவில்லை என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை இன்றும் இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்த கல்லறை. அதே கோட்டைக்குக் கல் சுமந்தவர்களுக்கும் உலையில் வெந்தவர்களுக்கும் எந்த மொழியிலும் ஒரு வரி கிடையாது. திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் பிரகடனம் வந்தது 1855இல்தான். கூலியில்லா ஊழியம் அதற்குப் பின்னும் தொடர்ந்தது. தென் திருவிதாங்கூரின் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 1859 வரை அடிபட வேண்டியிருந்தது. வீர வரலாறு இவர்களுடைய முதுகின்மேல் நின்றது.

வேலுத்தம்பியின் வாளுக்கு நேர்ந்ததும் இதுவே. 1809இல் ஆங்கிலேயருக்கு எதிராகக் குண்டறையில் அறைகூவல் விடுத்த அந்தத் தளவாய், தோல்விக்குப் பின் மண்ணடியில் உயிர்விட்டார். கிளிமானூர் அரண்மனையில் அவர் விட்டுச்சென்ற வாள் ஒன்றரை நூற்றாண்டு அங்கேயே இருந்தது. 1957இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்திடம் வழங்கப்பட்டு டெல்லி தேசிய அருங்காட்சியகத்துக்குச் சென்றது. 2010இல் திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்துக்குத் திரும்பியது. மகிழ்ச்சி. மக்கள் பார்க்கட்டும். ஆனால் வேலுத்தம்பியைத் தேடிப் பிடிக்க ஆளனுப்பியவர் யார்? அதே திருவிதாங்கூர் மன்னரின் புதிய திவான் உம்மிணித் தம்பி. இறந்த உடலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து கண்ணம்மூலையில் தொங்கவிட்டவர்கள் ஆங்கிலேயர்கள். அதைத் தடுக்க அரண்மனையிலிருந்து ஒரு விரலும் அசையவில்லை. வாளைக் காட்டி அரண்மனைப் பெருமை பேசுவோர் இந்தப் பகுதியை விழுங்கிவிடுவது தற்செயலா?

இன்னொரு போர்க்களமும் கேரளத்தில் உண்டு. 1946 அக்டோபரில் புன்னப்பிராவிலும் வயலாரிலும் கயிற்றுத் தொழிலாளர்களும் கள்ளிறக்குவோரும் மீனவர்களும் விவசாயக் கூலிகளும் திவான் சி.பி. ராமசாமி ஐயரின் ஆட்சிக்கு எதிராக நின்றார்கள். பட்டாளத்தின் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே அவர்கள் கையில் இருந்தது வாரிக்குந்தம். கமுகு மரத்தைச் சீவிக் கூராக்கிய ஈட்டி. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அந்தக் குந்தத்துக்கு ஏலத்தில் விலை கிடைக்காது, ஏனென்றால் அது வெறும் மரம். சேகரிப்போரின் பட்டியலிலும் அது இல்லை. தொழிலாளி வர்க்கத்தின் நினைவில் மட்டும் அது இருக்கிறது. ஆண்டுதோறும் அக்டோபரில் சிவப்புக் கொடியோடு எடுத்துச் செல்லப்படும் தீப்பந்தத்தில் இருக்கிறது.

தொல்பொருள்களைப் பாதுகாப்பதையே நாம் எதிர்க்கிறோம் என்று யாரும் திரிக்க வேண்டாம். 2018இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம் நகராவில் ஒரு பாழ் கிணற்றிலிருந்து திப்பு காலத்து ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கு மேல் எடுக்கப்பட்டன. கண்ணூர் செயின்ட் ஏஞ்சலோ கோட்டையில் 2015இல் மண்ணுக்கடியிலிருந்து முப்பத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பீரங்கிக் குண்டுகள் வெளிவந்தன. அறிவியலின் வரலாற்றுக்கும் காலனி எதிர்ப்பின் வரலாற்றுக்கும் இவை விலைமதிப்பற்ற சான்றுகள். இவை பொதுச்சொத்தாக இருப்பதால்தான் ஆய்வாளர் எவரும் அணுக முடிகிறது. மறுபுறம், திப்புவின் படுக்கையறை வாள் 2023 மே மாதம் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. 1799இல் சீரங்கப்பட்டணத்தில் கொள்ளையடித்த பொருளை இருநூறு ஆண்டுகள் கழித்து விற்றுக் காசாக்கும் உரிமை கொள்ளையரின் வாரிசுகளுக்கும் அவர்களிடம் வாங்கியோருக்கும் எங்கிருந்து வந்தது? வங்கிக் கடனைக் கட்டாமல் லண்டனுக்கு ஓடிய விஜய் மல்லையாவும் ஒரு காலத்தில் திப்புவின் வாளை ஏலத்தில் எடுத்துத் தேசபக்தர் பட்டம் சூடியவர் என்பது நினைவிருக்கலாம். தேசத்தின் சொத்தைக் கொள்ளையடித்தவர்கள் தேசத்தின் சின்னங்களைச் சேகரிப்பது நமது காலத்தின் நகைச்சுவை.

அரசு என்ன செய்தது? 1971 போரில் பங்கேற்ற விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தை அருங்காட்சியகமாகப் பராமரிக்கப் பணமில்லை என்று சொல்லி 2014இல் உடைப்பதற்கு விற்றார்கள். இரண்டே ஆண்டுகளில் அந்த உலோகத்தில் செய்ததென்று விளம்பரப்படுத்தி ஒரு மோட்டார் சைக்கிள் சந்தைக்கு வந்தது. பொதுச்சொத்தைப் பழைய இரும்பாக்கி, பழைய இரும்பைத் தேசபக்தியாக்கி, தேசபக்தியை மாதத் தவணையில் விற்கும் இந்த வித்தைக்குத் தனியார்மயம் என்ற பெயரைத் தவிர வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

வளாகத்தில் ஒரு டாங்கி

2017 ஜூலையில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஜெகதீஷ் குமார், கார்கில் வெற்றி நாள் விழாவுக்கு வந்திருந்த ஒன்றிய அமைச்சர்களிடம் ஒரு கோரிக்கை வைத்தார். நூலகத்துக்கு நிதி கேட்கவில்லை, விடுதி கேட்கவில்லை, ராணுவ டாங்கி ஒன்று வேண்டும் என்றார். படைவீரர்களின் தியாகத்தை மாணவர்கள் தினமும் நினைவில் கொள்வதற்காம். முந்தைய ஆண்டுதான் அந்தப் பல்கலைக்கழக மாணவர்கள் தேசத்துரோகிகள் என்று சிறையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். டாங்கியின் குழல் யாரை நோக்கித் திரும்பியிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. துணைவேந்தர் பின்னாளில் பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவரானார்.

டாங்கியைப் பற்றியே பேசுவோம். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் குவியல் குவியலாகச் சிதைந்தன. அந்த டாங்கிகள் அமெரிக்க ஏகாதிபத்தியம் தனது ராணுவக் கூட்டின் பங்காளிக்கு வழங்கியவை. கைப்பற்றப்பட்டவை நாட்டின் பல ஊர்களில் வெற்றிச் சின்னங்களாக நிறுத்தப்பட்டன. ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு அவற்றை எதிர்த்து நின்று உயிர்நீத்து பரம்வீர் சக்கரம் பெற்றவர் அப்துல் ஹமீது. உத்தரப்பிரதேசத்தின் தாமுபூரில் ஒரு தையற்காரரின் மகன். 2025 பிப்ரவரியில் அதே ஊரில் அவர் பெயர் தாங்கிய பள்ளியின் முகப்பிலிருந்து அந்தப் பெயர் அழிக்கப்பட்டு ஒன்றிய அரசுத் திட்டமொன்றின் பெயர் எழுதப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பின்னரே மீண்டும் எழுதினார்கள். டாங்கி வேண்டும், டாங்கியை உடைத்தவனின் பெயர் வேண்டாம். சங்கப் பரிவாரத்தின் தேசபக்திக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

மேடையேறி நிற்கும் விஜயந்தா டாங்கிகளுக்கும் இதே கதி. அவற்றைச் செய்தவர்கள் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள். அந்தத் தொழிற்சாலை உள்ளிட்ட 41 படைத்தளவாடத் தொழிற்சாலைகளை 2021 அக்டோபர் 1 அன்று ஏழு கம்பெனிகளாகத் துண்டுபோட்டது மோடி அரசு. திருச்சியும் அருவங்காடும் இதில் அடக்கம். எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யத் தொழிலாளர்கள் முடிவெடுத்தபோது, வேலைநிறுத்தத்தையே குற்றமாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே அக்னிபாத்: நான்காண்டுகள் துப்பாக்கி பிடித்த இளைஞர்களில் நான்கில் மூன்று பங்கினர் ஓய்வூதியம் இன்றி வீட்டுக்கு. பழைய டாங்கிக்கு வண்ணம் பூசி மாலை போடும் அரசு, புதிய சிப்பாயைத் தற்காலிகக் கூலியாக்குகிறது.

வெடிப்பது யார் கையில்?

இதுவரை சொன்னது கண்ணாடிப் பெட்டிக்கு மேலே உள்ளவர்களைப் பற்றி. போர்க்களத்து இரும்பை மண்ணிலிருந்து உண்மையில் எடுப்பவர்கள் வேறு மனிதர்கள். அவர்களுக்கு அது நினைவுச்சின்னமன்று. கிலோ கணக்கில் எடைபோடும் சரக்கு.

2004 செப்டம்பர் 30 அன்று காசியாபாத் அருகே சாகிபாபாத்தில் ஓர் உருக்காலையில் இறக்குமதியான பழைய இரும்பு வெடித்துப் பத்துத் தொழிலாளர்கள் மாண்டனர். அந்தக் குவியலுக்குள் வெடிக்காத குண்டுகளும் ராக்கெட்டுகளும் கிடந்தன. மேற்காசியப் போர்க்களங்களின் குப்பை ஈரானியத் துறைமுகம் வழியாக நம் நாட்டு உலைக்கு வந்திருந்தது. அந்த நாட்களில் நாட்டின் பல இடங்களில் இத்தகைய சரக்குகளில் குண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. அதன் பிறகுதான் பழைய இரும்பு இறக்குமதிக்குக் கடுமையான ஆய்வு விதிகள் வந்தன. புஷ்ஷின் படை போட்ட குண்டுக்கு விலை கொடுத்தவர்களில் உத்தரப்பிரதேசத்து ஒப்பந்தக் கூலியும் ஒருவன்.

தமிழ்நாட்டில் போர்க்களம் இல்லை என்று நினைப்போர் திருப்போரூர் பக்கம் போய்ப் பார்க்கட்டும். அங்கே துப்பாக்கிச் சுடும் பயிற்சித் தளத்தைச் சுற்றிய காடுகளிலும் வயல்களிலும் வெடிக்காத குண்டுகள் கிடப்பது ஊரறிந்த செய்தி. 2019 ஆகஸ்டில் மானாமதியில் கோயில் குளத்தருகே கிடைத்த இரும்புப் பொருள் ஒன்றைக் கையிலெடுத்தபோது அது வெடித்து இளைஞர்கள் உயிரிழந்தார்கள். ஆர்வக்கோளாறு என்று பத்திரிகைகள் எழுதின. பித்தளையும் செம்பும் என்ன விலை போகின்றன என்பதை அந்தப் பத்திரிகைகள் எழுதவில்லை.

ஈழத்து வன்னியில் இது பெரும் அளவில் நடக்கிறது. 2009இல் போர் முடிந்த மண்ணில், வீடும் படகும் மாடும் இழந்து முகாமிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு முதலில் கிடைத்த விளைச்சல் பழைய இரும்பு. அதைப் பொறுக்கப் போய்க் கையும் காலும் இழந்தோர் பலர். கண்ணிவெடி அகற்றும் பணியில் மண்ணை விரல்கடை விரல்கடையாகக் கிளறும் பெண்களில் பலர் போரில் கணவனை இழந்தவர்கள். அதே மண்ணில், முல்லைத்தீவு மாவட்டம் புதுக்குடியிருப்பில், இலங்கை ராணுவம் புலிகளிடமிருந்து கைப்பற்றிய படகுகளையும் பீரங்கிகளையும் அடுக்கிக் காட்சிக்கூடம் வைத்தது. தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாகச் சுற்றுலாப் பயணிகள் வந்து அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படத்தைப் பிடித்தபடி 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் சாலையோரம் அமர்ந்திருக்கும் தாய்மார்கள் அந்தப் பயணத் திட்டத்தில் இல்லை. எந்த ஆயுதக் குழுவுக்கும் புகழ்பாட இதைச் சொல்லவில்லை. தோற்றவனின் துப்பாக்கியைக் காட்சிக்கு வைத்துவிட்டு, செத்தவனின் எலும்பைத் தோண்டி அடையாளம் காண மறுக்கும் அரசு எதைப் பாதுகாக்கிறது என்பதே கேள்வி.

தமிழர்களுக்கு இது புதிதன்று. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம் மரண ரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரவர் காலராவிலும் பசியிலும் மாண்டனர். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. ரயில் ஆணியும் கோடரியும் காட்சியகங்களில் இருக்கின்றன. அந்தக் கோடரியைப் பிடித்த தோட்டத் தொழிலாளியின் பெயர்ப் பட்டியல் இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி பொதுவாக நூறாண்டு கடந்த பொருளே தொல்பொருள். ஆகவே 1944இல் இம்பாலிலும் கோஹிமாவிலும் நடந்த பெரும் போரின் எச்சங்களுக்கு 2044 வரை அந்தச் சட்டத்தின் காப்பு இல்லை. ஜப்பானியச் சிப்பாயின் தலைக்கவசமானாலும், எதிர் வரிசையில் நின்ற இந்திய தேசிய ராணுவ வீரனின் தண்ணீர்க் குப்பியானாலும், கிராமத்தான் தோண்டியெடுத்தால் பழைய இரும்புக் கடைக்குப் போகலாம், இல்லையேல் சேகரிப்போரின் கைக்குப் போகலாம். இம்பாலில் 2019இல் திறக்கப்பட்ட அமைதி அருங்காட்சியகத்துக்குக்கூட நிதி ஜப்பானிய அறக்கட்டளை ஒன்றிடமிருந்து வந்தது. தேசத்தின் நினைவைப் பற்றி ஓயாமல் முழங்கும் ஒன்றிய அரசுக்கு இந்த ஓட்டையை அடைக்க நேரமில்லை. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தில் செங்கோலை நிறுவ நேரமிருந்தது.

எனவே நமது கோரிக்கைகள் அருங்காட்சியகத்தின் வாசலோடு நிற்க முடியாது. போர்க்களத்து எச்சங்களுக்கு நூறாண்டு வரம்பு நீக்கப்பட்டு அவை பொதுச்சொத்தாக அறிவிக்கப்பட வேண்டும். கண்டெடுத்துக் கொடுக்கும் கிராமத்தவர் மீது வழக்குப் போடாமல் நியாயமான தொகை வழங்க வேண்டும், இல்லையேல் அவர் தராசுக் கடைக்குத்தான் போவார். பத்மநாபபுரம் அரண்மனை கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. உதயகிரிக் கோட்டை தமிழ்நாட்டின் பொறுப்பில். இரு மாநில அரசுகளும் சேர்ந்து, அங்குள்ள ஆயுதங்களின் பக்கத்தில் மாவேலிக்கரை உடன்படிக்கையையும் மிளகு ஏகபோகத்தையும் 1855 பிரகடனத்தையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவைக்கப் பெரிய செலவு ஆகாது. பயிற்சித் தளங்களைச் சுற்றிய நிலத்தை ஆண்டுதோறும் துப்புரவு செய்யும் பொறுப்பைப் பாதுகாப்பு அமைச்சகம் ஏற்க வேண்டும். அங்கே இறந்தோரின் குடும்பங்களுக்குக் கருணைத் தொகையாக அன்றி, சட்டப்படியான இழப்பீடாக வழங்க வேண்டும். பழைய இரும்புக் கடைகளிலும் உடைக்கும் பட்டறைகளிலும் உருக்காலைகளிலும் பிரித்தெடுக்கும் வேலை செய்வோரில் பெரும்பாலோர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளர்கள், பலர் வெளிமாநிலத்தவர். அவர்களை முதலில் பதிவு செய்யச் சொல்லித் தொழிலாளர் துறை அலுவலகங்களின் முன் சங்கங்கள் மனுவோடு நிற்க வேண்டும். அந்தப் பட்டியல் இல்லாமல், அடுத்த வெடிப்பில் செத்தவர் எத்தனை பேர் என்பதைக்கூடக் கடை முதலாளி சொல்லும் கணக்கை நம்பித்தான் எழுத வேண்டியிருக்கும்.